வீட்டுக் கல்யாண டிவிடிக்கு நாமே சாப்டர் போடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று எதை எடுத்தாலும் ஒரு காலத்தில் டிவிடியில்தான் கைக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி ஒரு கட்டு டிவிடி இல்லாத வீடு குறைவு. அவற்றில் பெரும்பாலானவற்றில் சாப்டர், அதாவது ரிமோட்டில் ஒரே அழுத்தலில் தாவிப் போய் நிற்பதற்கான குறி, இருக்காது, அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துப் போட்டிருப்பார்கள். ரிமோட்டில் அடுத்த பட்டனை அழுத்தினால் பந்தியில் பாதி சாப்பாட்டில் போய் நிற்கும். தாலி கட்டும் இடத்தையோ, இப்போது இல்லாத தாத்தா அட்சதை போடும் இடத்தையோ பார்க்க வேண்டுமென்றால் முழுவதையும் ஓட்டித்தான் தேட வேண்டும்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். மென்பொருள் எல்லாமே இலவசம். படத்தின் தரம் துளியும் குறையாது, ஏனென்றால் படத்தை நாம் மாற்றப் போவதே இல்லை. அதே படத்தை அப்படியே எடுத்து, சரியான இடங்களில் குறி வைத்து, புதிய வட்டில் எழுதப் போகிறோம். இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் நிறையப் பேர் இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, கடைசியில் மங்கலான படத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. இது உங்கள் வீட்டு நிகழ்ச்சி டிவிடிகளுக்கு மட்டும். கடையில் விற்ற சினிமா டிவிடிகளில் பூட்டு இருக்கும். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

1. கணினியைத் திறப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூல டிவிடிகள் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வட்டுகள் இருக்கும். உறவினர்களுக்குக் கொடுத்த பிரதிகள் இருந்தால் அவற்றையும் வாங்கி வையுங்கள். உங்கள் வட்டில் கீறல் விழுந்த இடம், சித்தப்பா வீட்டு வட்டில் நன்றாக இருக்கக்கூடும்.

அப்புறம் மூன்று காகிதங்கள். முதலாவது கல்யாணப் பத்திரிகை. வரவேற்பு எத்தனை மணிக்கு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பது அதில் இருப்பதால் வீடியோவின் வரிசை பிடிபடும். இரண்டாவது ஆல்பம். பெரும்பாலும் ஆல்பமும் வீடியோவும் ஒரே ஒழுங்கில்தான் போகும். மூன்றாவது மொய் நோட்டு. இது எதற்கு என்று தோன்றும். மேடைக்கு வந்தவர்கள் யார் யார் என்று பெயரோடும் ஊரோடும் எழுதிய ஆவணம் அது ஒன்றுதான். பாலக்கோட்டிலிருந்து வந்த பெரியப்பா குடும்பம் எது, ஊத்தங்கரைக் குடும்பம் எது என்று குழம்பும்போது அதைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், முகங்களை அடையாளம் சொல்ல வீட்டில் பெரியவர் ஒருவர். அவர் பக்கத்தில் உட்காரும் நாளாகப் பார்த்து வேலையை வையுங்கள்.

2. டிரைவும் வெற்று வட்டும்: செலவு எவ்வளவு

இப்போது வரும் மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும். சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். இணையத்தில் வாங்குவதுதான் சுலபம். ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். பழைய மேசைக் கணினி மூலையில் கிடந்தால் அதில் டிரைவ் இருக்கும். அதை ஓடவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், செலவே இல்லை.

வாங்கும்போது டிவிடியை எழுதவும் செய்யுமா என்று கேளுங்கள். டிவிடியை வாசிக்க மட்டும் செய்து, சிடியை மட்டும் எழுதும் பழைய டிரைவ்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. டிரைவைக் கணினியின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்கள். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பை நடுவில் வைத்தால் மின்சாரம் போதாமல் பாதியில் நின்றுவிடும்.

வெற்று வட்டு வாங்கும்போது மைனஸ் ஆர் என்ற வகையைக் கேளுங்கள். பழைய டிவிடி பிளேயர்கள் பிளஸ் ஆர் வகையைவிட அதைத்தான் அதிகம் ஏற்றுக்கொள்ளும். ஒன்று 20 முதல் 40 ரூபாய் வரை ஆகும். எல்லாக் கடையிலும் இப்போது வைப்பதில்லை. ஜெராக்ஸ் கடை, ஸ்டுடியோ என்று விசாரித்தால் மீதிச் சரக்கு இருக்கும். உறை பிரிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் பல வருடம் கிடந்த வட்டு வேண்டாம்.

ஆக, டிரைவ் கையில் இருந்தால் நூறு ரூபாய்க்குள் வேலை முடியும்.

3. வட்டைத் துடைத்து முழுப் பிரதி எடுங்கள்

நேராக வட்டிலிருந்து வேலை செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து வருட வட்டு அது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஆபத்துதான்.

மென்மையான பருத்தித் துணியைச் சற்று நனைத்து, நடுத்துளையிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தின் வழியே நீளமாகப் போகும். அதை டிரைவால் சமாளிக்க முடியாது. குறுக்கே விழுந்த கீறலை ஓரளவு சமாளித்துவிடும்.

பிறகு இமேஜ்பர்ன் என்ற மென்பொருளில் வட்டை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாகப் பிரதி எடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கேத்ரிபி இருக்கிறது. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது நிறுவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடுத்து, அடுத்து என்று அழுத்தினால் தேவையில்லாததெல்லாம் உள்ளே வந்து உட்காரும்.

நல்ல வட்டு என்றால் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடியும். கீறல் விழுந்தது என்றால் ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். அப்போது வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வட்டைப் போட்டால் கணினி 'காலி' என்று காட்டும், ஆனால் அடியில் எழுதிய தடம் கண்ணுக்குத் தெரியும். வீட்டு டிவிடி கேமராவில் எடுத்து, 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது எழுதி முடித்த வட்டை மற்றக் கருவிகளும் படிக்கும்படி மூடாமல், விட்ட வட்டு அது. அதே கேமரா இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் சரியாகிவிடும். தப்பித் தவறியும் அந்த வட்டை ஃபார்மட் செய்யவோ அதில் புதிதாக எழுதவோ வேண்டாம்.

4. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் ஐஎஸ்ஓ கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் தனி டிரைவ் போலத் திறக்கும். உள்ளே வீடியோ டிஎஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை. அதில் மூன்று வகைக் கோப்புகள். விஓபி என்று முடிபவைதான் படமும் ஒலியும். ஐஎஃப்ஓ என்று முடிபவை எங்கே எது தொடங்குகிறது என்ற விவரம். சாப்டர் விவரம் இருப்பது இதில்தான். பியுபி என்பது ஐஎஃப்ஓவின் மாற்றுப் பிரதி.

ஒரு விஓபி கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது. அதனால் நிறைந்த டிவிடியில் ஒரே படம் நான்கைந்து துண்டாக இருக்கும். இவை தனித்தனி வீடியோக்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால், புதிய வட்டில் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் படம் திக்கும். அடுத்த படியில் அவற்றை ஒன்றாக இணைக்கப் போகிறோம்.

வீடியோ டிஎஸ் கோப்புறை இல்லாமல் விஆர்ஓ என்று முடியும் கோப்பு இருந்தால், அது ரெக்கார்டர் வேறு முறையில் பதிந்தது. பயம் வேண்டாம். அந்தக் கோப்பை கணினிக்கு நகலெடுத்து, பெயரின் கடைசியை எம்பிஜி என்று மாற்றினால் பெரும்பாலும் அடுத்த படிக்கு அப்படியே ஒத்துழைக்கும்.

வேலை செய்யும் கோப்புறைக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். சில மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் தடுமாறும். ஒரு டிவிடிக்குக் குறைந்தது 20 ஜிபி காலி இடம் இருக்கட்டும்.

5. துண்டுகளை ஒரே கோப்பாக்குங்கள்

இதற்கு அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வீடியோ டிஎஸ் கோப்புறையில் விடிஎஸ் 01 என்று தொடங்கி 1 என்று முடியும் விஓபியைத் திறங்கள். 0 என்று முடிவது மெனு, அது வேண்டாம். வரிசையாகப் பெயருள்ள கோப்புகள் இன்னும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஏற்றவா என்று அதுவே கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். கோப்பைப் படித்து முடிக்கச் சில நிமிடம் எடுக்கும்.

இடது பக்கம் மூன்று தேர்வுகள் தெரியும். வீடியோவுக்கு 'காப்பி', ஆடியோவுக்கு 'காப்பி', கீழே வெளியீட்டு வடிவத்தில் எம்பெக் பிஎஸ் மக்ஸர். பிறகு சேமியுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். அரை மணி, ஒரு மணி என்று இழுத்தால் எங்கோ 'காப்பி' என்று இல்லாமல் வேறு எதுவோ தேர்வாகியிருக்கிறது. நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

சில வட்டுகளில் ஸ்டுடியோ படத்தைத் துண்டு துண்டாக ஒட்டியிருப்பதால் அவிடெமக்ஸ் நடுவில் நேரத்தைத் தப்பாகக் காட்டலாம், ஒலி விலகலாம். அப்படி வந்தால் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்து எம்கேவி கோப்பாக எடுத்து, அதை அவிடெமக்ஸில் திறந்து மேலே சொன்னபடி சேமியுங்கள். டிவிடிக்கு மேக்எம்கேவி இலவசம்தான்.

6. குறி எங்கே வைப்பது

முழு வேலையிலும் நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

டிவிடியில் ஒரு படத்துக்கு 99 சாப்டர் வரை வைக்கலாம். அதற்காக 99 வைக்க வேண்டாம். ரிமோட்டில் அடுத்த பட்டனை அழுத்தி அழுத்திப் போகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். ஒரு வட்டுக்கு 12 முதல் 20 வரை போதும். சடங்கு மாறும் இடம், ஆள் மாறும் இடம் இரண்டையும் வைத்துப் பிரியுங்கள்.

நம் பக்கத்துக் கல்யாணத்துக்கு நான் சொல்லும் வரிசை இது: தொடக்கப் பாட்டு, பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, வரவேற்பு மேடை, மாப்பிள்ளை மணவறைக்கு வருதல், பெண் வருதல், தாரை வார்த்தல், தாலி கட்டுதல், அட்சதையும் ஆசீர்வாதமும், அருந்ததி பார்த்தல், பந்தி, வீட்டுக்கு வருதல். உங்கள் வழக்கப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களில் சடங்குகளின் வரிசையே மாறும். அதனால்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்றேன்.

தாலி கட்டும் இடத்தில் குறியை முடிச்சுப் போடும் நொடியில் வைக்காதீர்கள். தட்டில் தாலியை வைத்து எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு வருவார்கள் அல்லவா, அங்கே வையுங்கள். இல்லையென்றால் கெட்டிமேளத்துக்கு அரை நிமிடம் முன்னால் வையுங்கள். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்ப்பதும், ஐயர் கையை உயர்த்துவதும், மேளம் எழும்புவதும் சேர்ந்தால்தான் அந்த இடம் நிறையும். மேளம் உச்சத்தில் இருக்கும்போது படம் தொடங்கினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் ஒட்டாது.

அப்புறம் ஆட்களுக்கான குறி. மேடை வரிசையில் யாரெல்லாம் இப்போது இல்லையோ, அவர்கள் வரும் இடத்துக்குக் கண்டிப்பாக ஒரு குறி வையுங்கள். தாத்தாவின் குரல் பதிவான ஒரே இடம் ஒரு கல்யாண வீடியோவின் இருபது நொடியாகவும் இருக்கலாம். அதைப் பாட்டி வேண்டும்போதெல்லாம் தானே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வேலையைச் செய்வதே இதற்காகத்தான்.

கூத்து வட்டுகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பதிந்து நாலைந்து வட்டுகளாக வைத்திருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. அதற்குக் கதை வாரியாகப் பிரிப்பதைவிட வேஷம் வாரியாகப் பிரிப்பதுதான் பொருந்தும். ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் வெளியே வரும். அந்தத் திரை விருத்தம் தொடங்கும் இடத்தில் குறி வையுங்கள், திரை விலகும் இடத்தில் அல்ல. கூத்து தெரிந்தவர்கள் அந்தப் பாட்டை விட்டால் விடமாட்டார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும் இடங்களுக்குத் தனிக் குறி வைத்தால் பிள்ளைகள் அதை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கூத்து வட்டுக்கு முப்பது சாப்டர் வரை போனாலும் தப்பில்லை.

7. நேரத்தைக் குறித்தல்

இணைத்து முடித்த கோப்பையே அவிடெமக்ஸில் மறுபடி திறங்கள். நேரத்தை இந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிளேயரில் டிவிடியை ஓட்டி அங்கே தெரியும் நேரத்தை எழுதினால் சில வட்டுகளில் பொருந்தாது.

தேவையான இடத்துக்கு அருகில் நகர்த்திக்கொண்டு போய், விசைப்பலகையில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்துங்கள். வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களைத்தான் சட்டம் (ஃபிரேம்) என்கிறேன். படம் ஒரு முழுச் சட்டத்திலிருந்து அடுத்த முழுச் சட்டத்துக்குத் தாவும். கீழே சட்டத்தின் வகை ஐ என்று காட்டும். டிவிடியில் எல்லாச் சட்டமும் முழுப் படமாக இருக்காது. ஐ வகை மட்டுமே தனியாக நிற்கும், மற்றவை அதைச் சார்ந்தவை. குறி ஐ சட்டத்தில்தான் விழ முடியும். நாம் வேறு இடத்தைச் சொன்னாலும் மென்பொருள் பக்கத்தில் உள்ள ஐ சட்டத்துக்கு நகர்த்திவிடும்.

நம் நாட்டு டிவிடிகள் பிஏஎல் முறை, நொடிக்கு 25 சட்டம். அதிகபட்சம் 15 சட்டத்துக்கு ஒரு முறை ஐ வந்தாக வேண்டும். அதாவது அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வாய்ப்பு. அதனால் மிகச் சரியாக வைக்க வேண்டும் என்று உயிரை விட வேண்டாம், நினைத்த இடத்துக்கு ஒரு ஐ முன்னால் வைத்தால் போதும். பின்னால் போனால்தான் முதல் வார்த்தை வெட்டுப்படும்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். இடது பக்கம் நேரம், வலது பக்கம் பெயர். நேரத்தை நொடியின் பின்னத்தோடு எழுதுங்கள். 48:09.600 என்று காட்டினால் 48:09.6. புள்ளிக்குப் பின்னால் வருவது நொடியின் பகுதி, சட்ட எண் அல்ல. வேறு மென்பொருளில் சட்ட எண்ணாகக் கிடைத்தால் 25-ஆல் வகுத்து மாற்றிக்கொள்ளுங்கள். 15-ஆவது சட்டம் என்றால் 0.6 நொடி.

மூன்று மணி நேர வட்டுக்கு, பெரியவர் பக்கத்தில் இருந்தால், இந்தப் படி ஒரு மாலைப் பொழுதை எடுக்கும். பேச்சு வளர்ந்தால் இன்னும் கூட. வளரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

8. டிவிடி ஸ்டைலரில் குறிகளை ஏற்றுதல்

டிவிடி தயாரிக்க உதவும் டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருளும் இலவசம். புதிய திட்டம் தொடங்கும்போது சில கேள்விகள் கேட்கும். வட்டின் அளவு 4.7 ஜிபி, வடிவம் பிஏஎல். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் 4:3, பிந்தையவை 16:9. ஆள் தடித்தோ ஒல்லியாகவோ தெரிந்தால் இந்தத் தேர்வு தவறு என்று அர்த்தம்.

இணைத்த கோப்பைக் கீழே உள்ள பட்டைக்கு இழுத்து விடுங்கள். அதை இரண்டு முறை சொடுக்கினால் அதன் பண்புகள் திறக்கும். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, வீடியோ, ஆடியோ இரண்டும் 'காப்பி' என்று இருக்க வேண்டும். மறுபடி மாற்றம் செய்யாதே என்று பொருள்படும் குறிப்பெட்டியும் அங்கே இருக்கும். அதைத் தேர்வு செய்தாலும் சரிதான். இதை விட்டுவிட்டால் மென்பொருள் முழுப் படத்தையும் புதிதாக அரைக்கத் தொடங்கும். மணிக்கணக்கில் ஓடும், தரமும் போகும்.

இரண்டாவது, சாப்டர் என்ற கட்டம். அதில் நோட்டில் எழுதிய நேரங்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதுங்கள். இப்படி இருக்கும்: 0:00,6:12.4,21:35.2,48:09.6,1:12:03.8. முதலில் 0:00 இருக்கட்டும். அறுபது நிமிடத்தைத் தாண்டியதும் மணியைச் சேர்க்க வேண்டும், 72:03 என்று எழுத வேண்டாம். நேரம் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மெனு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். டிவிடி சாப்டருக்குப் பெயர் வைக்க வழி இல்லை, எண்தான் தெரியும். பெயர் தெரிய வேண்டுமென்றால் மெனு செய்ய வேண்டும். அதில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறினால், பெயர்களை வேறு மென்பொருளில் படமாகச் செய்து பின்னணியாக வையுங்கள். பட்டன்களில் எண் மட்டும் போதும். என் விருப்பம் மெனுவே இல்லாத வட்டுதான். போட்டதும் படம் ஓட வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எடுத்து உறைக்குள் வைத்தால், கண்ணாடி போடாமலே படித்து எண்ணை அழுத்திவிடுவார்கள்.

9. முதலில் ஐஎஸ்ஓ, பிறகுதான் வட்டு

டிவிடி ஸ்டைலரில் எரிக்கும் (பர்ன்), அதாவது வட்டில் எழுதும் பட்டனை அழுத்தியதும் மூன்று வழி காட்டும்: கோப்புகளை மட்டும் உருவாக்கு, ஐஎஸ்ஓ உருவாக்கு, நேரே வட்டில் எழுது. இரண்டாவதைத் தேர்வு செய்யுங்கள். 'காப்பி' சரியாக இருந்தால் பத்து, இருபது நிமிடத்தில் முடியும்.

இங்கே அளவு பற்றி ஒரு குழப்பம் வரும். வட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். கணக்கு வைக்கும் முறைதான் வேறு, வட்டில் குறை இல்லை. உங்கள் ஐஎஸ்ஓ விண்டோஸில் 4.38-க்குக் கீழே இருந்தால் ஏறிவிடும். மூலம் முழுக்க நிறைந்த வட்டாக இருந்து, மெனு சேர்த்ததால் அளவு தாண்டினால் மெனுவை எடுத்துவிடுங்கள். மூலமே 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு என்றால், வரவேற்பு ஒரு வட்டு, முகூர்த்தம் ஒரு வட்டு என்று பிரிப்பதே நல்லது. இரண்டையும் ஒன்றில் திணிக்கப் படத்தைச் சுருக்காதீர்கள்.

ஐஎஸ்ஓவை விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து, பிளேபேக் மெனுவில் சாப்டர் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, தொடங்கும் இடம் சரியா, ஒலியும் உதடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முக்கியமாகக் கடைசி சாப்டரைப் பாருங்கள். ஒலி விலகுவது கடைசியில்தான் நன்றாகத் தெரியும். தப்பாக இருந்தால் நேரத்தைத் திருத்தி மறுபடி ஐஎஸ்ஓ எடுங்கள், வட்டு வீணாகாது.

எல்லாம் சரி என்றால் வெற்று வட்டைப் போட்டு, ஐஎஸ்ஓ மேல் வலது சொடுக்கில் வட்டில் எழுதும் தேர்வைக் கொடுங்கள். எழுதியதைச் சரிபார்க்கும் குறிப்பெட்டி இருக்கும், அதையும் தேர்வு செய்யுங்கள். இமேஜ்பர்னில் எழுதினால் வேகத்தை 4 அல்லது 8 மடங்கு வையுங்கள். 4 மடங்கில் நிறைந்த வட்டுக்குச் சுமார் 15 நிமிடம், சரிபார்ப்பு தனி. ஐஎஸ்ஓ கோப்பை ஒரு சாதாரணக் கோப்பு போல வட்டுக்கு இழுத்து விடுவது பலரும் விழும் குழி. அப்படிச் செய்தால் பிளேயரில் ஒன்றும் ஓடாது.

எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த வட்டு குப்பைதான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்நிறுத்தம் அறிவித்த நாளில் மேசைக் கணினியில் இந்த வேலையை வைக்காதீர்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும், தூங்கும் நிலைக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள்.

வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு ஆடும். வட்டுக்கான மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

10. பென்டிரைவில் வேண்டும் என்பவர்களுக்கு

பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டில் டிவிடி பிளேயர் இருக்காது. அவர்களுக்கு 5-ஆவது படியில் இணைத்த கோப்பை எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் திறந்து எம்கேவியாக மாற்றிக் கொடுங்கள். இதிலும் படம் மாறாது. அதில் உள்ள சாப்டர் எடிட்டரில் அதே நேரங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'தாத்தா ஆசீர்வாதம்' என்று எழுதினால் விஎல்சியில் அப்படியே தெரியும்.

பென்டிரைவ் எஃப்ஏடி 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. நிறைந்த டிவிடி அதைத் தாண்டிவிடும். பென்டிரைவில் இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பிறகு நகலெடுங்கள். டிவியில் நேராகப் போட்டுப் பார்ப்பவர்கள் முதலில் சின்னக் கோப்பு ஒன்றை வைத்து ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. பல டிவிகள் எம்கேவியை ஓட்டும், ஆனால் சாப்டரைக் காட்டாது. அந்த வீட்டுக்கு மட்டும் அவிடெமக்ஸில் முக்கியமான நாலைந்து பகுதிகளைத் தனித்தனிக் கோப்பாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள். முன்னே சொன்ன ஐ சட்டத்தில் வெட்டினால் இதற்கும் 'காப்பி' போதும்.

வேலை முடிந்த பிறகு 3-ஆவது படியில் எடுத்த ஐஎஸ்ஓவை அழிக்காதீர்கள். அதையும் நேரம் எழுதிய நோட்டின் புகைப்படத்தையும் ஒரே கோப்புறையில் போட்டு, இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.